கண்ணாடி வெளியே தெரியணும்

கலாமணி எச்சில் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவள் சொன்ன சொல் மட்டும் போகாமல் சம்பூரணத்தின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பேச்சுவாக்கில் கேட்பது போலத்தான் சம்பூரணம் கேட்டாள், பாத்ரூம் செவுத்துல ஒரு நம்பர் ஒட்டியிருக்கறாங்களே, அதுக்கு அனுப்புனா என்னதான் ஆகுமாம் என்று. "பதில் வருமுங்க்கா," என்றாள் கலாமணி ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "சோத்துல கல்லுக் கெடக்குதுன்னு ஒரு ஞாயித்துக்கெழம ஊட்ல இருந்து நான் அனுப்புனனுங்கல்ல, பொழுது சாயறதுக்குள்ள பளிச்சுனு வந்துருச்சு, உங்க புகார் கெடச்சுதுன்னு. அப்பறம் என்னாச்சுன்னு கேக்காதீங்க. கல்லு அப்படியேதான் கெடக்குது, இப்பக் கொஞ்சம் பொடிசா." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பூரணமும் சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் பிசைந்த சோறு விரலிலேயே நின்றது. பதில் வரும். அவளுக்கு அது தோன்றவேயில்லை. காலையில் கம்பெனி வேனில், ஜன்னலோரத்தில், முந்தானைக்குள் ஃபோனை மறைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கி அந்த நம்பருக்கு அனுப்பியபோது, கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். போட்ட கல் மேலேறி வரும் என்று யார் நினைப்பார்கள். வாசலில் இறங்கியதும் எல்லாரையும் போல ஃபோனை வாட்ச்மேன் ராயப்பனிடம் கொடுத்தாள். அவரும் எல்லாருடையதையும் போல வாங்கி, சுவரோரம் நிற்கும் மர ஸ்டாண்டில் அவளுக்கென்று இருக்கும் கட்டத்தில் நிறுத்தி வைத்தார். வைக்கும்போது எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார்: கண்ணாடி வெளியே தெரியணும் அம்மிணி. யார் வீட்டிலாவது சாவு, பிரசவம் என்று அழைப்பு வந்தால், நாற்காலியில் இருந்தபடியே பார்த்து உள்ளே சொல்லி அனுப்பத்தான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். பெண்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு. ஆக, இப்போது அவளுடைய ஃபோன் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, கண்ணாடி வெளியே தெரிய. அந்தக் கண்ணாடியில் இன்று மத்தியானம், அவள் உள்ளே இருக்கும்போது, பதில் பளிச்சென்று வரும்.

மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பிறகு ஒரே குரலாகின. சம்பூரணம் செக்கிங் மேஜையில் தன் இடத்தில் நின்றாள், குழல் விளக்கின் வெள்ளை அவள் கைகளின் மேல் கொட்டியது. குழந்தைகள் போடும் பனியன், வெள்ளை, நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து. தோள், கழுத்துப்பட்டி, கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. திருப்பு. மறுபடி தோள். ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், ஊசி தாண்டிப் போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கைகளுக்கு இது தெரியும், தலை வேண்டியதில்லை, அதனால் தலை கேட்டுக்குப் போய்விட்டது. ராயப்பன் நல்ல மனிதர். ராயப்பன் படிக்க மாட்டார். படிக்க மாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும், பொழுது முழுக்க எதிரில் எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தால் மனிதக் கண் படிக்காமல் என்ன செய்யும், மிட்டாய் சுற்றிய காகிதத்தைக்கூட நாம் படித்துவிட்டுத்தானே போடுகிறோம். அதிலும் அவளுடைய எழுத்து. போன தைப் பொங்கலுக்கு மகள் சுகன்யா பல்லடத்தில் இருந்து வந்திருந்தபோது இவளே கேட்டு வாங்கியது அது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது கண்ணு, கொஞ்சம் பெருசாக்கிக் குடு. ஆக்கினாள். இன்னும். இன்னும் ஆக்கினாள். "இதுக்கு மேல பெருசாக்குனா பஸ்ஸு போர்டாட்டந்தாம்மா இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பஸ் போர்டு போலத்தான் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, கண் சுருக்காமல் படிக்க முடிந்தது. செக்கிங்காரிக்குக் கண் மங்குகிறது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. பாதிக்கு மேல் விரல்தான் பார்க்கிறது. விட்டுப்போன தையல் விரலில் ஒரு சின்னப் பள்ளமாகத் தட்டுப்படும். அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வாங்கிய பெரிய எழுத்து இந்த ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கப் போகிறது. நினைக்க வேடிக்கையாகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் தெரியுமோ. பெட்டி ஏற்ற வரும் லாரிக்காரனுக்குத் தெரியுமோ. தோள், கழுத்துப்பட்டி, கை. இந்த வாத்துக்கு ஒரு கண் அச்சாகவில்லை. அம்பு ஒட்டினாள்.

பேர் வெளியே போகாது என்று, அந்த நம்பரைப் பற்றிச் சொல்ல வந்திருந்த பெங்களூர்ப் பெண் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, சுவரில் படம் காட்டிச் சொன்னாள். நாங்க கம்பெனியும் இல்லீங்க, துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்களும் இல்லீங்க. நடுவுல இருக்கற மூணாவது மனுசங்க. நீங்க எழுதறது எங்ககிட்ட வரும், உங்க பேரையும் நம்பரையும் எடுத்துட்டு விசயத்த மட்டும் அனுப்புவோம். அவள் பொய் சொல்லவில்லை என்று சம்பூரணத்துக்கு இப்போதும் தோன்றியது. முகத்தில் பொய் இல்லை. பெயரை அவர்கள் எங்கோ ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டித்தான் இருப்பார்கள். ஆனால் பூட்டிவிட்டோம் என்று சொல்ல ஒரு விளக்கை ஏற்றி அவளுடைய வாசலில் வைக்கிறார்களே, அது என்ன பழக்கம். ஃபோன் வேலை நேரத்தில் நம் கையில் இருக்காது, ஸ்டாண்டில் நிற்கும், கண்ணாடி வெளியே தெரிய நிற்கும் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் ஃபோன் அன்றைக்கு முழுக்க அவள் கையில்தான் இருந்தது, விருந்தாளியின் ஃபோனை ராயப்பன் வாங்குவதில்லை. மூணாவது மனுசங்க. இந்தச் சொல்லை முதலில் கேட்டபோதே சம்பூரணத்துக்கு அண்ணாச்சி கடைத் தங்கபுஷ்பம்தான் நினைவுக்கு வந்தாள். கணவன் மாரப்பன் மும்பைப் பக்கம் பீவண்டிக்குத் தறி ஓட்டப் போயிருந்த காலம், தெருவுக்கே ஃபோன் அண்ணாச்சி கடையில்தான். அவர் நம்பரைத்தான் எல்லாரும் பக்கத்தில் பி.பி. என்று எழுதித் தங்கள் நம்பராகக் கொடுப்பார்கள். அழைப்பு வந்தால் அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் சேதியை எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். நடையிலேயே தெரிந்துவிடும். வேகமாக வந்தால் பணம் அனுப்பியிருக்கிறான். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தால் வேறு. அம்மா செத்த சேதி வந்த அன்று தங்கபுஷ்பம் வந்து, சும்மா உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டாள். இல்லையென்றதும், சாப்பிடு முதல்ல, என்றாள். உண்டு கை கழுவும்வரை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் சொன்னாள். அந்த மூணாவது மனுசிக்கு ஒரு முகம் இருந்தது, எப்போது சொல்வது என்று தெரிந்திருந்தது. ஆனால் அதே தங்கபுஷ்பத்துக்குத்தான் மாரப்பன் அங்கே வேறொருத்தியோடு குடியிருக்கிறான் என்பதும் முதலில் தெரிந்தது; பிறகு அண்ணாச்சிக்கு, பிறகு தெருவுக்கு. கடைக்குப் போனால் கேட்காமலே ஒரு துண்டு வெல்லம் கொசுறாகக் கிடைக்கத் தொடங்கியது. ஏன் தருகிறார்கள் என்று தெரியாமல் வாங்கி வந்து தின்றாள், இனிப்பாகத்தான் இருந்தது. எல்லாரும் படித்து முடித்து மடித்த பிறகு கடைசியாக அவள் கைக்கு வந்தது அவளுடைய சேதி. அன்றைக்கு அவளைச் சுட்டது மாரப்பன் அல்ல, அந்த வெல்லம். அவள் வாழ்க்கையில் அவளுக்கு முன்னால் யாரோ ஒருவர் அவளைப் படித்துவிட்டு நிற்கிறார். எப்போதும். இன்றைக்கும்.

திருப்பு. மறுபடி தோள். தாகமாக இருந்தது. தாகத்தை நினைக்கக் கூடாது, நினைத்தால் நாக்கு அட்டை போல ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் குடித்ததுதான். சாயங்காலம் வரை இனி இல்லை, ஏனென்றால் ஷிப்மென்ட். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் சூப்பர்வைசர் தனபால் ஃப்ளோரில் இருக்கும் தண்ணீர் டிரம்மின் குழாயில் திருகைக் கழற்றிப் பேண்ட் பையில் போட்டுக்கொள்வான். டிரம் நிறையத் தண்ணீர் நிற்கும், திருகு இருக்காது. குடித்தால் பாத்ரூம் போவார்கள், போனால் லைன் நிற்கும், அவ்வளவுதான் கணக்கு. நடக்கும்போது பையில் அது சாவிக் கொத்தோடு உரசிச் சத்தம் போடும். வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டாலே தொண்டை வறண்டுபோகும். போன திங்கட்கிழமை ஃபுல்மணி தம்ளரோடு டிரம் முன்னால் போய் நின்றாள். ஜார்க்கண்டில் இருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கும் பெண், தமிழில் தண்ணி, சோறு, அக்கா, லீவு, இவ்வளவுதான் தெரியும். திருகு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "ஷிப்மென்ட் போவட்டும் அம்மிணி, குத்தாலத்தையே தெறந்து உடறேன்," என்றான் தனபால். சிலர் சிரித்தார்கள், அவன் வேடிக்கையாகப் பேசக்கூடியவன்தான், அதுதான் அவனிடம் உள்ள கஷ்டம். புரியாமல் ஃபுல்மணியும் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அயர்ன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை சரிவது போல விழுந்தாள். நடிப்பு, என்றான். சினிமாவுக்குப் போக வேண்டிய புள்ள. சம்பூரணம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டபோது உதடு இரண்டும் சுட்ட கத்திரிக்காய்த் தோல் போலச் சுருங்கியிருந்தன. மறுநாள் படிக்கட்டில் சம்பூரணம், எச்.ஆர். மேடமான நிவேதாவை நிறுத்திச் சொன்னாள். நிவேதா காதில் ஃபோனோடு நின்றுகொண்டு, தலையை ஆட்டி, பாக்கறேங்க்கா, என்றாள். பார்த்தாளோ என்னவோ. திருகு பையிலேயே இருந்தது. அதற்கப்புறம்தான் பாத்ரூம் சுவரில், ஒரு காது வரைந்து ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தை முதன்முறையாக நின்று படித்தாள். காது வரைந்தவர்களாவது கேட்பார்கள் என்று.

தனபால் கேட்டுப் பக்கம் போனான். சிகரெட்டுக்குப் போகிறான், தினமும் இந்த நேரத்துக்குப் போகிறவன்தான். சம்பூரணம் பார்க்காமல் பார்த்தாள். கேட்டுக்குப் போனால் ராயப்பனோடு நின்று பேசுவான். ராயப்பனோடு பேசினால் ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டு பேசுவான். சாய்ந்தால் தோளுக்கு நேரே அவளுடைய கட்டம். தோள், கழுத்துப்பட்டி. வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போனால் என்ன. போய், மகளுக்குப் பேச வேண்டும் என்று கேட்டு, ஃபோனைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு வந்தால். எதுக்கும்மா கவுக்கறே என்று ராயப்பன் கேட்டால். கேட்பார், விதி என்றால் அவருக்கு விதி. கவிழ்த்து வைக்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று அப்போதே எழுதி ஒட்டியதாகிவிடும். சரி, வந்தே விட்டது, பார்த்தே விட்டார்கள், கேட்கிறார்கள். என்ன சொல்வாள். தெரியாம கை பட்டுருச்சுங்க. சொல்லிப் பார்த்தாள், உதட்டுக்குள்ளேயே. ராங் நம்பருங்க. எனக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியும், எழுதப் படிக்கவே தடுமாறுவேன். நாலைந்து பொய்கள், ஒவ்வொன்றும் நன்றாகத்தான் தைத்திருந்தது. ஆனால் எட்டாவது வரைக்கும் படித்தவள், பேச்சுப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியவள், எழுதத் தெரியாது என்று சொல்லும்போது நாக்கில் ஏதோ துரு போலப் பட்டது. தனபால் திரும்பி வந்தான். மேஜையருகே நின்றான். "சம்பூரணம்க்கா, எந்தளவுக்கு முடிஞ்சுருக்குதுங்க?" என்றான். அவள் கையில் பனியன் அப்படியே நின்றது. இத்தனை காலத்தில் இவன் அவளை, ஏய் செக்கிங், என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அக்கா. முடிஞ்சுருக்குதுங்க. "பாதி தாண்டியாச்சுங்க தம்பி," என்றாள். "நல்லதுங்க்கா," என்று போனான், பையில் திருகு கிணுகிணுத்தது. அக்கா என்றான். ஏன் என்றான். வெளியே வெயிலில் ஏதாவது ஞானம் வந்திருக்கும். அல்லது முதலாளி வந்திருப்பார், அவர் இருந்தால் எல்லாரும் அக்காதான். இல்லை, படித்துவிட்டான். கேட்காமலே கொடுத்தானே மரியாதை, இதுதான் அந்த வெல்லத் துண்டு. படித்துவிட்டான், படித்துவிட்டான் என்று பக்கத்து ஓவர்லாக் மிஷின் அதையே தைத்துக்கொண்டு போனது.

வேலை போகும். சத்தம் போட்டு அனுப்ப மாட்டார்கள், அப்படி அனுப்பும் காலமில்லை. நாளைக்கு வேண்டாங்க்கா, ஆர்டர் கொறவா இருக்குது, நாங்களே சொல்லி அனுப்பறோம், என்பார்கள். வேன் அவள் தெருமுனையில் நிற்காமல் போகும். வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால், முதலில் ஒரு துணியைக் கொடுத்துக் கண்ணைத்தான் சோதிப்பார்கள், விரலை இல்லை. சுகன்யா வந்து இருந்துக்கம்மா என்பாள்; அவள் வீட்டு நடையில் ஒரு பாயும், மாப்பிள்ளை வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போவதும். இதெல்லாம் ஒரு சேதிக்கு. அப்படி என்னதான் எழுதினாள். நினைவுபடுத்திப் பார்த்தாள். ஷிப்மென்ட் என்றால் தண்ணீர்க் குழாயின் திருகைக் கழற்றிவிடுகிறார்கள். வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். டிரம்மில் தண்ணீர் இருக்கிறது. குடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். மறுபடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டினாள், துணியைத் திருப்புவது போலத் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் பொய் இல்லை. யாரையும் திட்டவில்லை, தனபால் பெயரைக்கூட எழுதவில்லை. அம்பு ஒட்ட இடமில்லாத பீஸ். எழுதும்போது வேன் குலுங்கிக் குலுங்கி எழுத்து தப்பித் தப்பிப் போக, அழித்து அழித்து எழுதினாளே, அப்படி யாருக்காக அவள் எதை எழுதியிருக்கிறாள் இதுவரை. மாரப்பனுக்குக்கூட எழுதியதில்லை. தன் சொந்தச் சொல் கண்ணாடிக்குள் வெளிச்சமாக நிற்கிறது என்பதற்கு ஏன் திருடியைப் போல இங்கே நிற்க வேண்டும். திருகைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவன் விசிலடித்துக்கொண்டு போகிறான். ஒளித்து வைத்திருப்பது அவன், அஞ்சுவது இவள், இது எந்த ஊர் நியாயம். அவர்கள் படித்ததுதான் தப்பு, அவள் எழுதியது அல்ல. இந்த எண்ணம் வந்ததும் நாக்கு கொஞ்சம் ஈரமானது போல இருந்தது. கை பட்டுருச்சு என்று சொல்ல மாட்டாள். கொன்றாலும் சொல்ல மாட்டாள். அப்படித் தீர்மானித்த மறுகணமே பாயும் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தமும் வந்தன. போகட்டும் என்று அவற்றுக்கும் இடம் விட்டு நின்றாள். பயம் இருந்தது. இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நிவேதா வந்தது அப்போதுதான். கழுத்தில் அடையாள அட்டை ஆட, மிஷின்களுக்கு நடுவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக. "சம்பூரணம்க்கா, ஒரு நிமிசம் ரூமுக்கு வர்றீங்களா?" எந்த மிஷினும் நிற்கவில்லை, தலைகள் மட்டும் ஊசியில் இருந்து ஒரு நூல் அளவு உயர்ந்து தாழ்ந்தன. கலாமணி பிசிர் வெட்டும் கத்தரியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு பார்த்தாள், பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. அறைக்குள் ஏசி. வியர்வை ஒரேயடியாகக் குளிர்ந்து முதுகில் ஈரத்துணி போல ஒட்டியது. மேஜையில் கணினி, ஒரு பிள்ளையார், நிவேதாவின் தண்ணீர் பாட்டில், அதன் பக்கத்தில் சம்பூரணத்தின் ஃபோன். மல்லாக்கக் கிடந்தது. "ஊட்ல இருந்து ஏதோ ஃபோனுன்னு ராயப்பண்ணன் எடுத்துட்டு வந்தாருங்க," என்றாள் நிவேதா, அவள் முகத்தைப் பாராமல். "ஊட்ல யாருமில்லீங்க அம்மிணி," என்றாள் சம்பூரணம். ஃபோனைத் தொட்டதும் ஒளிர்ந்தது. நின்ற இடத்தில் இருந்தே படிக்க முடிந்தது, சுகன்யா நன்றாகத்தான் பெரிதாக்கியிருந்தாள். உங்கள் புகார் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. உங்கள் பெயர் தெரிவிக்கப்படவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2 அனுப்பவும். பெயர் தெரிவிக்கப்படவில்லை என்ற வரி எச்.ஆர். மேடத்தின் மேஜையில் கிடந்து ஒளிர்வதைப் பார்க்க, அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உக்காருங்க்கா. உங்கள ஒண்ணும் பண்ணப்போறதில்ல," என்றாள் நிவேதா. அவள் கெட்டவள் இல்லை, சம்பூரணத்துக்குத் தெரியும், போன தீபாவளிக்குத் தன் சேலை இரண்டைக் கூட்டுகிற பெண்ணுக்குக் கொடுத்தவள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க்கா. நம்ம ஊட்டு விசயத்த யாரோ மூணாவது மனுசங்ககிட்டச் சொல்லுவாங்களா?" "சொன்னனுங்க. படிக்கட்டுல. பாக்கறேன்னீங்க." நிவேதாவின் காது மடல் சிவந்தது. பாட்டிலைத் திறந்து, ஒரு தம்ளரில் ஊற்றி, அவள் பக்கமாக நகர்த்தினாள். வெளிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகக் குளிர்ந்த தம்ளர். இதைக் குடிக்கலாமா, கூடாதா. மானம் என்று ஒன்று கூடாது என்றது, தொண்டை அதைக் கேட்கவில்லை. தாகத்துக்கு என்ன வெட்கம், அவள் எழுதியதே தாகத்தைப் பற்றித்தானே. ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரை வைத்தாள், நெஞ்சுக்கூட்டுக்குள் அது இறங்கும் வழி முழுவதும் தெரிந்தது. அவள் குடித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள் நிவேதா. "அடுத்த வாரம் துணி வாங்கறவங்க ஆடிட் வருதுங்க்கா. இந்தப் புகாரு தொறந்தே கெடந்தா ஆர்டர் போயிரும், உங்களோட சேத்து எத்தன பேருக்குச் சோறு. தனபாலண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணு அமுக்கிருங்க, முடிஞ்சுது, யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வேல இங்கதான், நான் பாத்துக்கறேன்." பாத்துக்கறேன். ஃபோனைக் கையில் எடுத்தாள் சம்பூரணம். ஒன்று அமுக்கினால் வேன் தெருமுனையில் நிற்கும். ஒன்று அமுக்கினால் ஃபுல்மணியின் கட்டைவிரல் அந்தத் துளையை அழுத்திக்கொண்டே இருக்கும். யாருக்கும் தெரியாது என்கிறாள், எல்லாருக்கும் தெரிந்த பிறகு. இரண்டை அமுக்கினாள். "அக்கா," என்றாள் நிவேதா. சம்பூரணம் நிமிரவில்லை, இன்னும் சொல்லி முடியவில்லை அவளுக்கு. காலையில் போல எழுத்தெழுத்தாகத் தேடினாள். வேன் குலுக்கல் இல்லாததால் எதுவும் தப்பவில்லை. தண்ணீர் இன்னும் வரவில்லை. என் ஃபோனை எடுத்துப் படித்துவிட்டு, தீர்ந்தது என்று அனுப்பச் சொல்கிறார்கள். என் பெயர் சம்பூரணம், செக்கிங். பெயரை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அனுப்பினாள். ஃபோனை மேஜையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தச் சேதி இந்தக் கையெட்டும் தூரத்தைக் கடக்காமல், கூரை தாண்டி, பெங்களூருக்கோ எங்கேயோ போய், எந்தெந்தக் கம்பியோ வழியாகச் சுற்றி நிவேதாவின் கணினிக்கே வந்து சேரும் என்று நினைத்தாள். போகட்டும், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கணினி மெல்ல ஒரு சத்தம் போட்டது. நிவேதா திரையைப் பார்த்தாள், உடனே திருப்பிக்கொண்டாள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவள் போல. "இப்பப் படிங்க அம்மிணி," என்றாள் சம்பூரணம். "இது நானாக் குடுத்தது."